ஏட்டில் 2,560 ரூபாய்: ஹார்டுவேர் படிப்பின் வரலாறு

காமர்ஸ் படிக்கிறவனுக்கும் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காக முதலில் ஒரு சின்னக் கணக்கு.

தேய்மானம் நம் எல்லோருக்கும் தெரிந்த பாடம்தான். குறைந்து செல் மதிப்பு முறையை எடுத்துக்கொள்ளுங்கள். வருமான வரி விதிகளில் கணினிக்கு நீண்ட காலம் 60 சதவீதம் தேய்மானம் அனுமதித்திருந்தார்கள் (2017-18 முதல் 40 சதவீதம்). அந்தப் பழைய விகிதத்தில் 40,000 ரூபாய் கம்ப்யூட்டர் ஒன்று முதல் ஆண்டு முடிவில் 16,000 ரூபாய். இரண்டாம் ஆண்டு 6,400. மூன்றாம் ஆண்டு 2,560. அதாவது பேரேட்டைப் பொறுத்தவரை அந்த மிஷின் கிட்டத்தட்ட செத்துவிட்டது.

ஆனால் தருமபுரியில் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் பாருங்கள். பேரேடு எப்போதோ கைகழுவிய கம்ப்யூட்டரில்தான் பட்டா விண்ணப்பமும் ரிசல்ட் பிரிண்ட் அவுட்டும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஏட்டில் உள்ள மதிப்புக்கும் உழைக்கிற மதிப்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் ஹார்டுவேர் சர்வீஸ் என்கிற தொழிலே ஓடுகிறது. அந்தத் தொழிலை நம் நாட்டில் யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று தேடிப் படித்தபோது கிடைத்தவைதான் இந்தக் கட்டுரை.

எங்கள் மாவட்டத்தில் இது வெறும் பொது அறிவு விஷயம் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி, சுமார் 68.5 சதவீதம். பத்தாவது முடித்த பையனையோ பெண்ணையோ எதில் சேர்ப்பது, அந்தப் படிப்பு எத்தனை வருடம் சோறு போடும் என்பது பல வீடுகளில் ஒவ்வொரு மே மாதமும் எழும் கேள்வி. மிஷினுக்குத் தேய்மானம் போடுகிற மாதிரி படிப்புக்கும் போட வேண்டும் என்பது என் கட்சி. போட்டுப் பார்ப்போம்.

முதலில் ஐ.டி.ஐ. இரண்டாம் உலகப் போர் முடிந்து படையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை தேடித் தர 1945இல் மத்திய அரசு ஓர் இயக்குநரகம் ஆரம்பித்தது. இன்றைய தொழிற்பயிற்சி நிர்வாகத்தின் வேர் அதுதான். 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது. 1956இல் பயிற்சி நிலையங்களின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது. 1961இல் அப்ரண்டிஸ் சட்டம். பிட்டர், டர்னர், வெல்டர், எலக்ட்ரீஷியன் என்று தொழிற்சாலைக்கு வேண்டிய ஆட்களைத் தயார் செய்வதுதான் நோக்கம். பிறகு ரேடியோ, டி.வி. மெக்கானிக் என்ற பிரிவும் வந்தது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்தக் காலத்தில் நம் நாட்டில் கம்ப்யூட்டர் இருந்ததா என்றால், இருந்தது, விரல் விட்டு எண்ணும் அளவில். 1973இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த ஐ.பி.எம். 370/155 ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் மிஷின். அப்போது ஐ.பி.எம். இந்தியாவில் வைத்திருந்த வழக்கம் என்னவென்றால், பெரும்பாலும் மிஷினை விற்காமல் வாடகைக்கு விடுவது. அதிலும் 1401 போன்ற, வெளிநாடுகளில் பயன்படுத்திக் கழித்த மாடல்களை இங்கே புதுப்பித்து வாடகைக்கு விட்டார்கள். மிஷின் அவர்களுடையது, பழுது பார்ப்பதும் அவர்களே. வாடகைதாரருக்கு மூடியைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

1973இல் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்றது அரசு. கோகோ கோலா மறுத்துவிட்டு 1977இல் மூட்டை கட்டியது எல்லோருக்கும் தெரியும். 1978இல் ஐ.பி.எம். போனது அந்த அளவுக்கு யார் நினைவிலும் இல்லை. கோலா போனால் தாகத்துக்கு வேறு பாட்டில் குடிக்கலாம். ஐ.பி.எம். போனால் நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்த அவர்களுடைய மிஷின்களை யார் பார்ப்பது?

இதற்காகவே அரசு முன்கூட்டி ஓர் ஏற்பாடு செய்திருந்தது. 1975 டிசம்பரில் கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன், சுருக்கமாக சி.எம்.சி. பெயரைக் கவனியுங்கள். கம்ப்யூட்டர் செய்யும் நிறுவனமோ விற்கும் நிறுவனமோ இல்லை, பராமரிப்பு நிறுவனம்! 1978இல் ஐ.பி.எம். விட்டுப்போன மிஷின்களின் பராமரிப்பு அதன் தோளில் விழுந்தது. ஐ.பி.எம். மட்டும் அல்ல, பல நாட்டு, பல கம்பெனி மிஷின்களையும் அவர்களே பார்க்க வேண்டியிருந்தது. ஒரு கம்பெனியின் சர்வீஸ் ஆளுக்கு அந்தக் கம்பெனியின் மிஷின் தெரிந்தால் போதும். சி.எம்.சி. ஆளுக்கு எந்த மிஷின் வந்தாலும் எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். என்னைப் பொறுத்தவரை இந்தியாவில் ஹார்டுவேர் சர்வீஸ் தனித் தொழிலாகப் பிறந்தது அங்கேதான். (பிற்பாடு ரயில்வே முன்பதிவைக் கணினிமயமாக்கியதும் இதே சி.எம்.சி.தான். 2001இல் டாடா குழுமத்துக்கு விற்கப்பட்டு, 2015இல் டி.சி.எஸ்.ஸுடன் இணைந்து, பெயரே மறைந்துவிட்டது.)

அதே காலத்தில் நம் தூத்துக்குடிப் பக்கத்துக்காரரான ஷிவ் நாடார் நண்பர்களோடு சேர்ந்து 1976இல் எச்.சி.எல். ஆரம்பித்தார். இன்று சாப்ட்வேர் கம்பெனியாகத் தெரிகிற எச்.சி.எல். அன்று மிஷின் செய்து விற்ற கம்பெனி.

ஆனால் சி.எம்.சி.யும் எச்.சி.எல்.லும் தருமபுரிக்கு வரவில்லை. தருமபுரியில் அப்போது இருந்தது ரேடியோ கடை. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டிக் கலர் டி.வி. வந்தது, அடுத்த சில ஆண்டுகளில் ஒளிபரப்புக் கோபுரங்கள் பெருகின. ரேடியோ கடைக்காரர் டி.வி. கடைக்காரரானார். மேஜையில் ஒரு மல்டிமீட்டர், ஒரு சால்டரிங் அயர்ன், மூக்கில் ஏறும் ஈயப் புகை, பக்கத்தில் கையாளாக நிற்கும் ஒரு பையன். சம்பளம் என்று பெரிதாக இல்லை, டீயும் சாப்பாடும்தான். கையாள் பையன் இரண்டு மூன்று வருடத்தில் தனிக்கடை போடுவான். அப்ரண்டிஸ் சட்டத்தில் எங்கும் வராத அப்ரண்டிஸ்.

அந்தக் கடைக்குள் கம்ப்யூட்டர் எப்படி நுழைந்தது? இங்கே ஒரு தொழில்நுட்பக் காரணமும் ஒரு வரிக் காரணமும் இருக்கின்றன. 1981இல் ஐ.பி.எம். அமெரிக்காவில் பி.சி.யை வெளியிட்டபோது கடைகளில் கிடைக்கும் பாகங்களையே கோத்துச் செய்தது, அதன் அமைப்பையும் வெளிப்படையாக வைத்தது. ஆகவே தைவான்காரர் முதல் யார் வேண்டுமானாலும் அதற்கேற்ற போர்டு, கார்டு செய்யலாம் என்றானது. வரிக் காரணம், 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு அறிவித்த புதிய கணினிக் கொள்கை. இறக்குமதி வரியும் கட்டுப்பாடும் தளர்ந்தன. கொஞ்ச காலத்தில் ரேடியோ உதிரி பாகங்களுக்குப் பெயர்போன சென்னை ரிச்சி தெருவில் மதர்போர்டு தொங்க ஆரம்பித்தது. தருமபுரிக்காரர்களுக்குச் சென்னை சுமார் 300 கிலோமீட்டர், பெங்களூரோ 130தான். ஆகவே எங்கள் ஊர்க் கடைக்காரருக்கு பெங்களூரின் எஸ்.பி. ரோடுதான் கைக்கெட்டும் ரிச்சி தெரு. காலையில் போய் சாயங்காலம் பையோடு திரும்பிவிடலாம். "அசெம்பிள்டு சிஸ்டம்" என்ற வார்த்தை நம் ஊர்ப் பேச்சில் கலந்தது இப்படித்தான்.

இனி இன்ஸ்டிடியூட்களின் காலம். என்.ஐ.ஐ.டி. 1981இல், ஆப்டெக் 1986இல் தொடங்கினாலும் அவர்கள் பெரிதும் சொல்லிக்கொடுத்தது சாப்ட்வேர். 1990இல் மத்திய அரசின் டோயக் திட்டம் "ஓ லெவல்", "ஏ லெவல்" என்று சான்றிதழ்களை அடுக்கியது. ஹார்டுவேருக்கென்றே கிளைகள் திறந்தவர்களில் முக்கியமானது மும்பை ஜெட்கிங். 1947இல் ரேடியோ தொழிலில் ஆரம்பித்த நிறுவனம் அது, 1990 வாக்கில் கணினி ஹார்டுவேர் பயிற்சிக்கு மாறியது. எங்கள் ஊர் ரேடியோ கடைக்காரர் செய்ததைத்தான் மும்பையில் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள்! அமெரிக்காவில் 1993இல் காம்ப்டியாவின் "ஏ பிளஸ்" சான்றிதழும், 1998இல் சிஸ்கோவின் சி.சி.என்.ஏ.வும் வந்தன. நம் ஊர்ச் சுவர்களில் "ஹார்டுவேர் அண்ட் நெட்வொர்க்கிங், 100 சதவீத வேலைவாய்ப்பு" என்ற போஸ்டர்கள் வந்தன.

அது ஏன் எப்போதும் "ஹார்டுவேர் அண்ட் நெட்வொர்க்கிங்" என்று ஜோடியாகவே வருகிறது? என் கணிப்பு இது. 1990களின் தொடக்கத்தில் ஒரு சவுண்டு கார்டு மாட்டுவதே வித்தை. குட்டி ஜம்பர்களை இடம் மாற்ற வேண்டும், எந்தக் கார்டுக்கு எந்த இன்டரப்ட் எண் என்று மனப்பாடம் வேண்டும், இரண்டு கார்டுக்கு ஒரே எண் விழுந்தால் மிஷின் உறைந்துவிடும். விண்டோஸ் 95 "செருகினால் போதும், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றது. மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்த பாடம் ஒரு வாரத்தில் முடிந்துபோனது. மாதக்கணக்கில் பீஸ் வாங்க வேறு பாடம் வேண்டுமே! 1995 ஆகஸ்ட் 15இல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்து, 2000த்தை ஒட்டிச் சின்ன ஊர்களிலும் பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. நான்கைந்து கம்ப்யூட்டரை ஒரே இணைப்பில் கோக்க ஆள் தேவைப்பட்டது. இரண்டும் ஒட்டிக்கொண்டன.

இந்த இடத்தில் என் தேய்மானக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஜம்பர் செட்டிங் தெரிந்தவரின் அந்த அறிவு சில வருடங்களில் பூஜ்யம். முன்பு நெட்வொர்க்குக்கு டி.வி. ஒயர் மாதிரி கோ ஆக்சியல் கேபிள் போட்டு, இரண்டு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர் மாட்டுவார்கள். நடுவில் எங்கு அறுந்தாலும் மொத்த வரிசையும் படுத்துவிடும். ஹப், சுவிட்ச் வந்ததும் அந்த அறிவும் போனது. கம்ப்யூட்டருக்கு 60 சதவீதம் என்றால் கம்ப்யூட்டர் பாடத்துக்கும் கிட்டத்தட்ட அதே விகிதம்தான் வருகிறது.

என் பெரியப்பா மகன் ஒருவர் நகையை அடகு வைத்த பணத்தில் ஒரு தனியார் சென்டரில் (பெயர் வேண்டாம்) ஆறு மாதம் படித்தார். வகுப்பில் இருந்தது உயிரில்லாத ஒரே ஒரு கேபினெட். இருபது பேர் அதைச் சுற்றி நின்று "இது ராம், இது பிராசஸர்" என்று பார்த்ததுதான் பிராக்டிகல். அதன் பிறகு அவர் ஒரு சர்வீஸ் கடையில் சேர்ந்தார். அங்கே கற்றதை இன்றைக்கும் உற்சாகமாகச் சொல்வார். மிஷின் ஆன் ஆகவில்லையா? முதலில் பவர். எஸ்.எம்.பி.எஸ்.ஸை போர்டிலிருந்து கழற்றி, பெரிய கனெக்டரில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு சின்னக் கம்பியால் இணை. பேன் சுற்றினால் எஸ்.எம்.பி.எஸ். உயிரோடுதான் இருக்கிறது, அடுத்ததைப் பார். பீப் சத்தத்தை எண்ணு. அவார்டு பயாஸ் என்றால் ஒரு நீளம் இரண்டு குட்டை டிஸ்ப்ளே கார்டு பக்கம் கை காட்டும். ராமைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டு. (சிரிக்காதீர்கள், பாதி கேஸ் இதிலேயே தீர்ந்துவிடும் என்பார்.) தேவையில்லாததை எல்லாம் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டிப் பார், எதை மாட்டும்போது நிற்கிறதோ அதுதான் திருடன்.

இதில் எது தேய்கிறது, எது தேயவில்லை என்று பாருங்கள். பச்சை ஒயர் நாளை வேறு நிறமாகலாம். "பவரிலிருந்து ஆரம்பி, ஒவ்வொன்றாக விலக்கு" என்பது வால்வு ரேடியோ காலத்திலிருந்து அப்படியே இருக்கிறது.

இதற்கு நல்ல சாட்சி 2000களின் தொடக்கத்தில் வந்த கெபாசிட்டர் கோளாறு. அந்த வருடங்களில் தயாரான ஏராளமான மதர்போர்டுகளில் கெபாசிட்டர்களின் தலை உப்பி, கசிந்து, மிஷின் தானாக ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்தது. உலகம் முழுக்க நடந்தது, பெரிய பிராண்டுகளும் தப்பவில்லை. கார்டு மாற்ற மட்டும் படித்தவர் "போர்டு போச்சு, புதுசு வாங்குங்க" என்பார். பழைய டி.வி. மெக்கானிக்கோ நாலு கெபாசிட்டரை சால்டர் வைத்து எடுத்துவிட்டு, அதே மதிப்பில் புதிதை வைத்துவிடுவார். செலவு சில பத்து ரூபாய். வழக்கொழிந்ததாக நினைத்த ஈயப் பற்றவைப்புதான் அப்போது சோறு போட்டது.

அரசுப் பாடத்திட்டம் இதையெல்லாம் எப்படிப் பின்தொடர்ந்தது என்பதை ஐ.டி.ஐ. பிரிவுகளின் பெயர்களிலேயே படிக்கலாம். ரேடியோ, டி.வி. மெக்கானிக் பிறகு கன்ஸ்யூமர் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் ஆனது. கணினிப் பக்கம் "மெக்கானிக் கம்ப்யூட்டர் ஹார்டுவேர்" என்ற பிரிவு இருந்தது. ஓராண்டு "கம்ப்யூட்டர் ஹார்டுவேர் அண்ட் நெட்வொர்க் மெயின்டனன்ஸ்" வந்தது. இரண்டாண்டுப் பிரிவு ஒன்று பெயர் மாறி இன்று ஐ.சி.டி.எஸ்.எம்., அதாவது தகவல் தொடர்பு அமைப்புகளின் பராமரிப்பு, என்று நிற்கிறது. ஐ.டி.ஐ. என்றதும் நம்மில் பலர் சொல்லும் "கோபா" தனி. அது ஆபரேட்டர், புரோகிராமிங் உதவியாளர் படிப்பு, ஸ்குரூ டிரைவரை எடுக்கிற படிப்பு அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

தாமதமாக வந்தாலும் ஐ.டி.ஐ.யில் ஒரு விஷயம் உண்டு, பணம். தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. நகையை அடகு வைக்காமல் இரண்டு வருடம் நல்ல கருவிகளைத் தொட்டுப் பார்க்க முடியும் என்றால், பெயர்ப்பலகை பழசாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

காமர்ஸ்காரனாக எனக்கு அதைவிடப் பிடித்த ஏற்பாடு ஒன்று இருக்கிறது. கர்நாடகத்தில் தர்மஸ்தலாவுக்குப் பக்கத்தில் உஜிரே என்று ஓர் ஊர். 1982இல் தர்மஸ்தலா அறக்கட்டளையும் சிண்டிகேட் வங்கி, கனரா வங்கியும் சேர்ந்து அங்கே ருட்செட்டி என்ற பயிற்சி நிலையத்தை ஆரம்பித்தன. கிராமத்து இளைஞர்களுக்கு இலவசப் பயிற்சி, சாப்பாடும் தங்குமிடமும் உட்பட. வங்கி ஏன் சோறு போட்டுச் சொல்லித்தர வேண்டும்? தொழில் தெரிந்தவனுக்குக் கொடுத்த கடன் திரும்பி வரும் என்பதால்தான். 2009 வாக்கில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் இதை மாவட்டத்துக்கு ஒன்று என்று விரித்தது. தருமபுரியில் முன்னோடி வங்கியான இந்தியன் வங்கி நடத்துகிறது, இன்ட்செட்டி என்று பெயர். இவ்வகை நிலையங்களின் பொதுப் பாடப் பட்டியலில் செல்போன் பழுதுபார்ப்பும் கம்ப்யூட்டர் ஹார்டுவேர், நெட்வொர்க்கிங்கும் இருக்கின்றன. ஒரு மாதம், ஒன்றரை மாதம் என்ற அளவுதான். ஆனால் முடித்த பிறகு இரண்டு வருடம் பின்தொடர்ந்து, கடன் வாங்கித் தொழில் தொடங்கக் கைகொடுக்க வேண்டும் என்பது விதி. ஒன்றரை மாதத்தில் யாரும் சி.எம்.சி. இன்ஜினியர் ஆகிவிட முடியாது. கடை போட்ட பிறகுதான் பாதிப் படிப்பே நடக்கும், அந்தக் காலம் வரைக்கும் கூட வருகிற ஏற்பாடு இது ஒன்றுதான்.

நம் ஊர்த் தேவைகளும் சும்மா இருக்கவில்லை. 2008 முதல் 2013 வரைக்குமான மின்வெட்டுக் காலத்தில் ஹார்டுவேர் கடைகள் யு.பி.எஸ்., இன்வெர்ட்டர் கடைகளாகவும் மாறின. 2011 செப்டம்பர் 15இல் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அதுவரை டெஸ்க்டாப் மட்டுமே திறந்த கைகளுக்குத் திடீரென்று கிராமம் கிராமமாக லேப்டாப்கள் வந்தன. உடைந்த ஹிஞ்ச், போன சார்ஜர் பின், வேலை செய்யாத கீபோர்டு. எந்தச் சிலபசும் காத்திருந்து சொல்லிக்கொடுக்கவில்லை, நூற்றுக்கணக்கான கடைகள் திறந்து பார்த்தே கற்றுக்கொண்டன.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து பிரவுசிங் சென்டர்களின் கதையை முடித்தது. "நெட்வொர்க்கிங்" படித்தவர்களுக்கு இனி வேலையே இல்லை என்று தோன்றிய நேரம் அது. ஆனால் கேபிள் டி.வி. அண்ணன்கள் பைபர் இணைப்பு கொடுக்க ஆரம்பித்தார்கள். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் பைபரால் இணைக்க 2018இல் டான்பிநெட் என்ற அரசு நிறுவனமே உருவானது. பைபரை கிரிம்பிங் டூலால் நசுக்க முடியாது, முடி போல மெல்லிய கண்ணாடி இழையை மிஷினில் வைத்து உருக்கி ஒட்ட வேண்டும். மறுபடியும் புதுப்பாடம், மறுபடியும் கையாள் பையன்.

சுவாரசியமான விஷயம், நம் பிளஸ் டூ காமர்ஸ் குரூப்பின் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் நெட்வொர்க் கேபிளிங் என்று தனிப் பாடமே இருக்கிறது. ஆர்.ஜே.45 கனெக்டரில் எட்டு ஒயரை எப்படி மாட்டுவது என்று வண்ணப் படத்தோடு போட்டிருப்பார்கள். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பிரவுன், பிரவுன். மார்க்குக்காக மனப்பாடம் செய்தோம். நம்மில் எத்தனை பேர் கிரிம்பிங் டூலைக் கையில் பிடித்திருப்போம்?

இப்போது பிரச்சினை வேறு திசையிலிருந்து வருகிறது. பல மெல்லிய லேப்டாப்களில் ராம் போர்டோடு ஒட்டியே வருகிறது. ரப்பரால் தேய்க்கக் கழற்ற முடியாது! மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் "பழுதுபார்க்கும் உரிமை" இணையதளம் ஒன்றைத் தொடங்கி, கம்பெனிகள் தங்கள் சர்வீஸ், உதிரி பாக விவரங்களை அதில் தரும்படி செய்தது. ஆனால் அது இணையதளம்தான், கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. இப்படியே போனால் 2,560 ரூபாய் மிஷினை உழைக்கவைக்கும் அந்த இடைவெளி சுருங்கி, மூன்றாம் வருடம் ஏட்டில் சாகும் மிஷின் நிஜத்திலும் செத்துவிடும். வாங்குகிறவருக்கும் நஷ்டம், சர்வீஸ் கடைக்கும் நஷ்டம்.

அந்தப் பெரியப்பா மகன் இப்போது சொந்தமாகக் கடை வைத்திருக்கிறார். போர்டில் "லேப்டாப் சர்வீஸ்" என்று இருந்தாலும் வருமானத்தில் பெரும்பகுதி சி.சி.டி.வி. நகைக்கடை, பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம் என்று வரிசையாக வேலை வருகிறது. ஐ.பி. கேமராவுக்கு ஒரே கேபிளில் டேட்டாவும் கரண்டும் போகும். 100 மீட்டரைத் தாண்டினால் நடுவில் ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும். கேமராவில் படம் வரவில்லை என்று போன் வந்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "அடாப்டர்ல லைட் எரியுதா பாருங்க." கையில் இருப்பது பிரவுசிங் சென்டர் காலத்தில் வாங்கிய அதே கிரிம்பிங் டூல்.